கடன் ஆலோசகரைப் பார்ப்பதால் என்ன பயன்? தவணை கட்டத் திணறுபவர்களுக்கான இழை

பிறைநிலா எழுதியது:

வணக்கம். என் அண்ணனுக்காகக் கேட்கிறேன். இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், அதற்கு மேல் மொபைல் செயலிகளில் எடுத்த சில்லறைக் கடன்கள். சம்பளம் வந்த கையோடு எல்லாம் தவணைக்கே போய்விடுகிறது. மாதக் கடைசியில் மறுபடியும் கார்டைத் தேய்க்கிறார். இப்போது எல்லாவற்றையும் அடைக்க ஒரே பெரிய லோனாக எடுத்துவிடலாம் என்கிறார்.

கடன் ஆலோசகர் யாரையாவது பார்க்கலாமே என்று அண்ணி சொன்னார். "அவர்கள் என்ன பணமா தரப்போகிறார்கள்? நம் வீட்டுக் கணக்கை ஊராரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?" என்று அண்ணன் மறுத்துவிட்டார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அங்கே போனால் உண்மையில் என்ன செய்வார்கள்? போய் வந்தவர்களும் விஷயம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

கணக்குநோட்டு எழுதியது:

பிறைநிலா, உங்கள் அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆலோசகர் பணம் தரமாட்டார். கடனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. நான் இந்த வேலையில் பல வருடமாக இருக்கிறேன். உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

முதல் சந்திப்பில் பாதி நேரம் காகிதங்களிலேயே போகும். வருகிறவர்களில் பலருக்கு மாதத் தவணை எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும், மொத்தப் பாக்கி எவ்வளவு என்று தெரியாது. பிரிக்காத கடிதங்களை ஒரு பையோடு கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரே கடனுக்கு வந்தவற்றை ஒன்றாக அடுக்கி, கடைசியாக வந்ததை மேலே வைப்போம். கடிதம் கட்டுக் கட்டாக இருக்கும், அடுக்கி முடித்தால் ஐந்தாறு கடன்தான் தேறும். அதைப் பார்த்ததுமே வந்தவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அப்புறம் ஒவ்வொரு கடனுக்கும் எதிரே பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, எதையாவது அடமானம் வைத்திருக்கிறார்களா, யாராவது ஜாமீன் போட்டிருக்கிறார்களா என்று எழுதுவோம்.

அடுத்தது வரவு செலவு. வீட்டில் உட்கார்ந்து நாமே போடும் பட்ஜெட்டில் மாதாமாதம் வரும் செலவு மட்டும்தான் இருக்கும். பள்ளிக் கட்டணம், இன்ஷூரன்ஸ் பிரீமியம், வண்டி ரிப்பேர், திடீர் பல் வலி எதுவும் அதில் இருக்காது. முதல் மூன்று மாதம் திட்டம் அழகாக ஓடும். நான்காவது மாதம் பள்ளிக் கட்டணம் வரும், உடனே மறுபடி கார்டு. அதனால் வருடச் செலவு எல்லாவற்றையும் கூட்டி 12ஆல் வகுத்து மாதக் கணக்கில் சேர்த்துவிடுவோம். அதன் பிறகு மிஞ்சுவதுதான் கடனுக்கு உண்மையில் தரக்கூடிய தொகை. பெரும்பாலும் அது அவர்கள் நினைத்துக்கொண்டு வந்ததைவிடக் குறைவாகவே இருக்கும். குறைவாக இருந்தாலும் உண்மையான தொகை என்பதால் அதை வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவரிடம் பேச முடியும்.

பிறகு வரிசை. என்னைக் கேட்டால் கடன் ஆலோசனையின் உயிரே இதில்தான் இருக்கிறது. நெருக்கடியில் இருப்பவர், யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கட்டுகிறார். இது பலவீனம் கிடையாது, அந்த நிலையில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அதிகம் சத்தம் போடுகிறவர் பெரும்பாலும் அடமானம் எதுவும் இல்லாமல் கொடுத்தவர். செயலிக் கடன்காரர் ஒரு நாளில் பத்து முறை கூப்பிடுவார். வீட்டுக் கடன் கொடுத்த வங்கி மரியாதையாக ஒரே ஒரு கடிதம் போடும். பத்து முறை கூப்பிட்டவருக்குக் கட்டிவிட்டு, கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பார்கள். வீட்டை எடுத்துக்கொள்ளும் உரிமை கடிதம் போட்டவரிடம்தான் இருக்கிறது.

நாங்கள் அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறோம். கட்டாவிட்டால் என்ன போகும் என்று பார்த்து முன்னே பின்னே வைப்போம். வீட்டுக் கடன் அல்லது வாடகை, மின்சாரம், வேலைக்குப் போக இல்லாமல் முடியாத வண்டி, வரி, நீதிமன்ற அபராதம் எல்லாம் முன்னால். கார்டு, பர்சனல் லோன், செயலிக் கடன் எல்லாம் பின்னால். பின்னால் என்றால் கட்டவே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. முன்னால் இருப்பதற்குப் போக மீதியை அவர்களுக்குள் பிரித்துக் கொடுக்கிறோம்.

வெயில்காலம் எழுதியது:

கணக்குநோட்டு சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல இடங்களில் இந்த ஆலோசனை மையங்களுக்குப் பணம் கொடுப்பதே வங்கிகள்தான். அப்படியிருக்க இவர்கள் யாருக்காக வேலை செய்வார்கள்? கடன் வாங்கியவருக்காகவா, வசூலுக்காகவா? "நியாயமான தவணை" என்ற பெயரில் கடைசி வரை கட்ட வைப்பதுதான் வேலை என்றால், வசூல் ஏஜெண்ட் உரத்த குரலில் கேட்பதை இவர்கள் மெதுவாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

கணக்குநோட்டு எழுதியது:

வெயில்காலம், இது கேட்டே ஆகவேண்டிய கேள்வி. பதிலை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் இந்தத் துறையின் பழைய அமைப்பான தேசியக் கடன் ஆலோசனை அறக்கட்டளை 1951ல் தொடங்கியது. அதன் உறுப்பு மையங்களுக்குக் கடன் கொடுத்த நிறுவனங்களிடமிருந்து பணம் வந்திருக்கிறது. மையம் போட்டுத் தரும் மாதத் தவணைத் திட்டத்தின் வழியே வசூலாகும் தொகையில் ஒரு பங்கை மையத்துக்குத் திருப்பித் தருவது அங்கே பழகிப்போன ஏற்பாடு. பிரிட்டனிலும் பெரிய இலவச மையங்கள் அப்படி நடந்திருக்கின்றன. இதனால் ஒரு சாய்வு வரலாம். திவால் மனு போடுவதே சரி என்ற நிலையில் இருப்பவரைக்கூட மாதத் திட்டத்தில் சேர்த்துவிடத் தோன்றும். அந்த ஆபத்து உண்மையானது.

அதனால் முதல் சந்திப்பிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள்: உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள், நான் எந்தத் திட்டத்திலும் சேராமல் போனால் இந்த ஆலோசனைக்குக் கட்டணம் உண்டா, திவால் உட்பட எல்லா வழிகளையும் எனக்கு எழுத்தில் தருவீர்களா. நல்ல மையம் இதற்குக் கோபப்படாது. இந்தக் கேள்விகளுக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

ஆனால் வசூலும் இதுவும் ஒன்றுதான் என்பதை நான் ஏற்கவில்லை. வசூல் ஏஜெண்டுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கடன். உங்கள் வீட்டு வாடகை, பிள்ளையின் கட்டணம், மற்ற கடன்கள் எதுவும் அவர் கணக்கில் இல்லை. எல்லாக் கடனையும் ஒரே தாளில் வைத்து, வீட்டுச் செலவை முதலில் கழித்து, மீதியைப் பங்கிடுவது ஆலோசகர் மட்டும்தான்.

பங்கிடுவது எப்படி என்று ஒரு கணக்கு காட்டுகிறேன். செலவு போக மாதம் 12,000 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடமானமில்லாத கடன்கள் மூன்று: 3,00,000, 2,00,000, 1,00,000. பாக்கியின் விகிதத்தில் பிரித்தால் 6,000, 4,000, 2,000. வட்டியை நிறுத்திவைக்க மூவரும் ஒப்புக்கொண்டால் 50 மாதத்தில் மூன்றும் ஒன்றாக முடிந்துவிடும்.

இப்போது மாதம் 3% வட்டி ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 6,00,000க்கு மாத வட்டி மட்டும் 18,000. நீங்கள் கட்டுவது 12,000. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினாலும் கடன் வளர்ந்துகொண்டே போகும். கடன் வாங்கியவர் ஒழுங்காகச் செலவு செய்கிறாரா என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஆலோசகர் முதலில் போராடுவது வட்டிக்காகத்தான். ஒப்புக்கொண்டால் கடன் கொடுத்தவர்கள் வட்டியை நிறுத்துவார்கள் அல்லது கணிசமாகக் குறைப்பார்கள், தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள். இதைத்தான் கேட்டு வாங்குகிறோம்.

வங்கி ஏன் ஒப்புக்கொள்கிறது என்று கேட்பீர்கள். கருணையால் இல்லை. வராக் கடனாகப் போனால் வழக்குச் செலவு, வசூல் ஏஜெண்ட் கமிஷன், கடைசியில் அடிமாட்டு விலைக்கு அந்தக் கடனை இன்னொருவரிடம் விற்பது என்று அவர்களுக்கும் நஷ்டம். 50 மாதம் ஒழுங்காக வரும் அசல் அதைவிட மேல் என்று அவர்களுக்கும் தெரியும். இன்னொரு பக்கம், எல்லோருக்கும் ஒரே விகிதம் என்று தாளில் தெரியும்போது "அவனுக்குக் கொடுத்து எனக்கு இல்லையா" என்ற சண்டையும் குறையும்.

ஆழ்கடல் எழுதியது:

நான் இதில் போய் வெளியே வந்தவன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

போனதும் எல்லாம் சரியாகிவிடாது. மையத்திலிருந்து கடிதம் போன பிறகும் அழைப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. என்ன சொல்ல வேண்டும் என்று ஆலோசகர் ஒரு சின்னக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். "என் கணக்கை இன்ன மையம் பார்க்கிறது, இது என் கோப்பு எண், எதுவாக இருந்தாலும் எழுத்தில் அனுப்புங்கள்." அவ்வளவுதான் அந்தக் காகிதத்தில் இருந்தது. அதை போன் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருந்தேன். முன்பெல்லாம் அழைப்பு வந்தால் பதறிப்போய் "வெள்ளிக்கிழமை கட்டிவிடுகிறேன்" என்று ஏதாவது ஒரு தேதியைச் சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்வது நின்றது. அது நின்றதுமே அழைப்புகளும் மெல்லக் குறைந்தன.

கடன் கொடுத்தவர்களில் ஒருவர் ஆரம்பத்தில் வட்டியைக் குறைக்க மறுத்துவிட்டார். ஆலோசகர் அவருக்கான பங்கை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருந்தார். பணம் தவறாமல் வருவதைப் பார்த்த பிறகு அவரே இறங்கி வந்தார்.

இரண்டாவது, என் மனைவியும் கூட வந்தார். வரவு செலவை எழுதும்போது எனக்குத் தெரியாத செலவுகள் அவருக்குத் தெரிந்திருந்தன, அவருக்குத் தெரியாத கடன்கள் எனக்குத் தெரிந்திருந்தன. மூன்றாவது மனிதர் ஒருவர் உட்கார்ந்து பேனாவோடு கேட்டதால் சண்டையாக மாறாமல் கணக்காகவே முடிந்தது. பிறைநிலா, உங்கள் அண்ணி சேர்ந்து போவது மிக நல்லது.

கஷ்டமானதையும் சொல்லிவிடுகிறேன். கார்டுகளை மூடச் சொன்னார்கள். கையில் இருக்கும் பணத்துக்குள் மாதத்தை ஓட்டுவது முதலில் மூச்சு முட்டும். திட்டம் முடியும் வரை புதிய கடன் கூடாது. வண்டி பழுதானால்கூடக் கேட்டுவிட்டுத்தான் செலவு. அதற்குத் தயாராக இல்லாதவருக்கு இந்த வழி சரிவராது.

தேன்சிட்டு எழுதியது:

கார்டில் மினிமம் டியூ, அதாவது மாதம் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை, கட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. பாக்கி 1,00,000, மாத வட்டி 3%, மினிமம் 5%. மாத முடிவில் பாக்கி 1,03,000. கட்டுவது 5,150. மிச்சம் 97,850. அதாவது கையை விட்டுப் போனது 5,150, கடனில் குறைந்தது 2,150. கார்டைத் தொடவே தொடாமல் இப்படி மினிமம் மட்டும் கட்டினால் கடன் பாதியாகவே 32 மாதம் ஆகும். மாதம் 3% என்பது வட்டிக்கு வட்டி சேர்த்தால் வருடத்துக்கு 42%க்கும் மேல்.

அண்ணன் சொல்லும் பெரிய லோனையும் இதே மாதிரி போட்டுப் பாருங்கள். 4,00,000 கடன், வருட வட்டி 24%, 3 வருடத்தில் முடிக்க மாதம் சுமார் 15,700 கட்ட வேண்டும். மொத்த வட்டி சுமார் 1,65,000. அதே தொகைக்கு 18%ல் 7 வருட லோன் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். தவணை சுமார் 8,400 ஆகக் குறைகிறது. கேட்கவே நிம்மதியாக இருக்கும். மொத்த வட்டி மட்டும் 3,06,000க்குப் போய்விடும். வட்டி விகிதம் குறைந்தது, மாதத் தவணை ஏறக்குறைய பாதியானது, கடைசியில் கட்டும் வட்டி கிட்டத்தட்ட இரட்டிப்பானது.

எல்லாக் கடனையும் ஒன்றாக்குவதே தப்பு என்று சொல்லவில்லை. வட்டி குறைய வேண்டும், காலமும் நீளக்கூடாது, பழைய கார்டுகளையும் மூட வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பயன். கார்டை மூடாமல் அடைத்தால் ஒரு வருடத்தில் பெரிய லோனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும்.

பிறைநிலா எழுதியது:

தேன்சிட்டு, இந்தக் கணக்கை அப்படியே அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். 7 வருடத் திட்டம்தான் அவரிடமும் சொல்லியிருக்கிறார்களாம்.

ஒரு சந்தேகம். "உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம்" என்று விளம்பரம் வருகிறதே, அதுவும் கடன் ஆலோசனைதானா?

எழுத்தாணி எழுதியது:

இல்லவே இல்லை. தயவுசெய்து இந்த இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

அந்த விளம்பரம் செய்வது செட்டில்மெண்ட் நிறுவனங்கள். அவர்கள் வழி இப்படி: கடன் கொடுத்தவருக்குக் கட்டுவதை நிறுத்தச் சொல்வார்கள். அந்தப் பணத்தை மாதாமாதம் தங்களிடம் அல்லது தாங்கள் சொல்லும் ஒரு கணக்கில் போடச் சொல்வார்கள். பல மாதம் கட்டாமல் விட்டு, கடன் கொடுத்தவர் வெறுத்துப்போன பிறகு, சேர்ந்த தொகையைக் காட்டி "இதை வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள்" என்று பேரம் பேசுவார்கள். பேரம் படிந்தால் ஒரு தொகை குறையும், உண்மை. படியும் வரை தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறும், வழக்கு போட்டால் நீங்கள்தான் நிற்க வேண்டும், அவர்கள் கட்டணம் தனி. எல்லா வங்கியும் பேரத்துக்கு வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

என் உறவினர் ஒருவர் இப்படி ஒரு நிறுவனத்தில் முன்பணம் கட்டினார். அவர் அனுப்பிய முதல் சில மாதப் பணம் முழுக்க அவர்களுடைய கட்டணத்துக்கே போயிருந்தது. கடன்காரர்களிடம் யாரும் பேசியிருக்கவே இல்லை. நோட்டீஸ் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏற்கெனவே இல்லாதவரிடம் பிடுங்குவது எவ்வளவு பெரிய அநியாயம்! அமெரிக்காவில் தொலைபேசி வழியாக இந்தச் சேவையை விற்பவர்கள் ஒரு கடனையாவது முடித்துக் கொடுக்கும் முன் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2010லேயே விதி கொண்டுவந்துவிட்டார்கள் என்றால், இது எத்தனை பேரைப் பாதித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முன்பணம் கேட்டால், கடன்காரரிடம் பேசவே கூடாது என்று சொன்னால், உங்கள் வரவு செலவைக் கேட்காமலே எத்தனை சதவீதம் குறையும் என்று வாக்குக் கொடுத்தால் அந்த இடம் வேண்டாம்.

தூரதேசம் எழுதியது:

இந்தத் தளத்தில் பல நாட்டிலிருந்தும் படிக்கிறார்கள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன்.

மலேசியாவில் அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது. ஆலோசனையும் கடன் மேலாண்மைத் திட்டமும் இலவசம். சிங்கப்பூரில் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற தொண்டு அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் தேசியக் கடன் உதவி எண் வழியாக இலவச ஆலோசகரிடம் பேசலாம். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில் வங்கிகள் நடத்தும் நிதிக் கல்வி மையங்கள் உண்டு. அங்கே வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கடன் பாக்கிக்காக அழைக்கக்கூடாது என்று 2022ல் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இங்கிலாந்து, வேல்ஸ் ஏற்பாடு. 2021 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. கடன் ஆலோசகர் வழியாகப் பதிந்தால் 60 நாள் அவகாசம் கிடைக்கும். அந்த நாட்களில் அதில் சேர்ந்த கடன்களுக்குப் பெரும்பாலும் வட்டியும் கட்டணமும் ஏறாது, வசூல் நடவடிக்கையும் எடுக்க முடியாது. மனநல நெருக்கடிக்குச் சிகிச்சை பெறுபவருக்கு அந்தச் சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம். யோசிக்கவே நேரம் இல்லாதவருக்கு யோசிக்க நேரம் தருவதுதான் பெரிய உதவி என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது. எல்லா நாட்டிலும் இப்படி ஒன்று வரவேண்டும்.

மருதம் எழுதியது:

தூரதேசம் கடைசியில் சொன்னதோடு சேர்த்து ஒன்று. 2013ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். ஒரே ஆட்கள்தான். கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில், யோசித்து விடை காணும் சோதனைகளில் பின்தங்கினார்கள். பணம் வந்த பிறகு அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள்.

கடனில் தவிப்பவரைப் பார்த்து "கொஞ்சம் யோசித்துச் செலவு செய்யக் கூடாதா" என்று எல்லோரும் கேட்கிறோம். அவருடைய யோசனை முழுவதையும் நாளைக்கு யார் கூப்பிடுவார்கள் என்ற கவலையே தின்றுகொண்டிருக்கும்போது எங்கிருந்து யோசிப்பார்? அந்த நேரத்தில் அவருக்காகக் கூட்டிக் கழிக்க வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட ஆள் இல்லை.

பிறைநிலா, அண்ணன் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்பது போல ஏதாவது பேசினால் கடன் கணக்கை ஒத்திவைத்துவிட்டு உடனே மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேச வையுங்கள். கடனுக்கு வழி எப்போது வேண்டுமானாலும் தேடலாம்.

வெயில்காலம் எழுதியது:

சரி, செட்டில்மெண்ட் நிறுவனத்தோடு ஒப்பிட்டால் ஆலோசனை மையம் எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றுகிறேன். வங்கிக்குக் கடிதம் எழுத, வரவு செலவு காட்ட, வட்டியைக் குறைக்கக் கேட்க நமக்கே தெரியாதா? இதற்கு இன்னொருவர் எதற்கு?

கணக்குநோட்டு எழுதியது:

தெரிந்தால் நீங்களே செய்யலாம், தாராளமாக. ஒன்றிரண்டு கடன்தான், மாதம் கொஞ்சமாவது மிஞ்சுகிறது, மனம் தெளிவாக இருக்கிறது என்றால் மையம் தேவையே இல்லை. தவணை தவறும் முன்பே வங்கிக்கு எழுதுங்கள். என்ன நடந்தது, வேலை போனதா, நோயா என்று இரண்டு வரி. வரவு செலவுத் தாள் ஒன்று. இந்தத் தொகையை இந்தத் தேதியில் கட்ட முடியும், வட்டியை இத்தனை மாதம் நிறுத்துங்கள் என்று தெளிவாக ஒரு கோரிக்கை. போனில் பேசினாலும் பிறகு அதையே எழுதி அனுப்பி, அவர்கள் சம்மதித்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டக்கூடியதற்கு மேல் ஒரு ரூபாயும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்ட திட்டம் இரண்டாம் மாதமே உடைந்தால் அடுத்த முறை யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

ஐந்தாறு கடன் என்று ஆகும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஒருவர் ஒப்புக்கொள்ள இன்னொருவர் ஒப்புக்கொள்வதை எதிர்பார்ப்பார். அவரவர் தனித்தனியாகப் பேசினால் அது நகராது. மையம் ஒரே தாளை எல்லோருக்கும் அனுப்பும்போது நகரும். மையத்தின் வரவு செலவுத் தாளை வங்கிகள் பொதுவாக மறுகேள்வி அதிகம் இல்லாமல் ஏற்கும், ஏனென்றால் வாடகையும் மளிகையும் எவ்வளவு ஆகும் என்று பார்த்துப் பழகியவர் அதைச் சரிபார்த்திருக்கிறார்.

அப்புறம் சின்னச் சின்ன உள்விவரங்கள். உதாரணத்துக்கு ஒன்று: கடன் வாங்கிய அதே வங்கியில் சம்பளக் கணக்கும் இருந்தால், பாக்கிக்காகச் சம்பளப் பணத்தையே ஈடுசெய்துகொள்ளும் உரிமை பல நாடுகளில் வங்கிக்கு உண்டு. ஒன்றாம் தேதி சம்பளம் விழும், வாடகை கொடுக்கும் முன் காணாமல் போகும். அதனால் கடன் பாக்கி இல்லாத வேறு வங்கிக்குச் சம்பளத்தை மாற்றுவது பெரும்பாலும் முதல் வார வேலை. தவணையைக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும் ஆட்டோ டெபிட்டையும் அப்போதே சரிபார்ப்போம். இல்லாத பணத்துக்கு டெபிட் போய் பௌன்ஸ் ஆனால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் விழும், மாதம் பிறந்ததுமே ஓட்டை.

ஆலோசனை உதவாத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். செலவு போக மிஞ்சுவது பூஜ்யம் அல்லது அதற்கும் கீழே என்றால் பங்கிட எதுவும் இல்லை. அங்கே திட்டம் போடுவது ஏமாற்று. வருமானம் கூடும் வழியைப் பார்க்க வேண்டும், இல்லையேல் சட்டப்படி திவால் வழியைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு திவால் மனு போடுபவர் அதற்கு முந்தைய 180 நாளுக்குள் கடன் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும் என்பதே விதி. நல்ல ஆலோசகர் "உங்களுக்கு என் திட்டம் பொருந்தாது, வக்கீலைப் பாருங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்.

தேன்சிட்டு எழுதியது:

கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண், பற்றி யாரும் சொல்லவில்லையே? அதற்குப் பயந்துதான் பலர் போகாமல் இருக்கிறார்கள்.

கணக்குநோட்டு எழுதியது:

ஸ்கோர் அடிவாங்கும், மறைக்கத் தேவையில்லை. குறைத்துக் கட்டினால் அது பதிவாகும். ஆனால் மையத்துக்கு வரும் பெரும்பாலானவர்களுக்கு அதற்கு முன்பே அடிவாங்கியாயிற்று. ஆலோசகரோடு உட்கார்ந்து பேசியதால் மட்டும் ஸ்கோர் குறைவதில்லை, கட்டாமல் விட்ட தவணையால்தான் குறைகிறது. முழு அசலையும் கட்டி முடித்த கணக்கு "முடிந்தது" என்று பதிவாவதும், பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய கணக்கு "செட்டில்டு" என்று பதிவாவதும் ஒன்றில்லை. பின்னால் கடன் கேட்கும்போது இரண்டாவதைத்தான் கேள்வி கேட்பார்கள். கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி, ஸ்கோர் அறிக்கையில் அது ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறைநிலா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டார். பத்து முறை கூப்பிடுபவருக்கு முதலில் கட்டுகிறோம் என்ற இடத்தில் நிறுத்தி, "என்னைப் பார்த்தே எழுதின மாதிரி இருக்கு" என்றார். வருகிற வாரம் அண்ணியோடு போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு விஷயம் இப்போதுதான் தெரிந்தது. பர்சனல் லோனுக்கு அப்பா ஜாமீன் போட்டிருக்கிறார். இதனால் ஏதாவது மாறுமா?

கணக்குநோட்டு எழுதியது:

மாறும், நிறையவே. அண்ணன் குறைத்துக் கட்டத் தொடங்கினால், மீதிக்கு அப்பாவைக் கேட்க வங்கிக்கு உரிமை இருக்கும். அண்ணனுக்கு வட்டியைக் குறைத்துவிட்டால் அப்பா தானாக விடுபடுவார் என்று நினைக்க வேண்டாம். அதனால் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்ல வேண்டும், முடிந்தால் அப்பாவும் கூட வரட்டும். அவருடைய வருமானம் என்ன, ஓய்வூதியமா, சொத்து ஏதாவது இருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த ஒரு கடனை மட்டும் முழுத் தவணையில் வைத்துக்கொள்வதா, வங்கியிடம் ஜாமீன்தாரரையும் சேர்த்து எழுத்தில் ஒப்பந்தம் வாங்குவதா என்று முடிவு செய்வார்கள். ஜாமீன் பத்திரத்தின் நகல் வீட்டில் இல்லாவிட்டால் வங்கியில் கேட்டால் தருவார்கள். அதையும் எடுத்துப் போங்கள்.

ஆழ்கடல் எழுதியது:

கூடவே செயலிக் கடன்களின் விவரத்தையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள் சகோ. எடுத்த தொகை, கையில் வந்த தொகை, பிடித்த கட்டணம், இதுவரை கட்டியது, எல்லாம். தொல்லை தாங்காமல் செயலியை அழித்துவிடுவார்கள், அப்புறம் கணக்கு எடுக்கவே முடியாது. தப்பாகப் பேசிய அழைப்புகள், மிரட்டல் செய்திகள் இருந்தால் அவற்றையும் அழிக்க வேண்டாம். புகார் கொடுக்க ஆலோசகர் அதைத்தான் முதலில் கேட்பார்.